மூன்று நாள், 96 கிலோமீட்டர்: நடப்பதற்குப் பதில் பணத்தை நேராகக் கொடுத்தால் என்ன?

மார்ச் 8 (வாசகர் ஒருவரின் கேள்வி)

மார்பகப் புற்றுநோய்க்காக மூன்று நாள் நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் நீங்கள் நடந்தால் யாருக்கு நோய் குணமாகும்? கூடாரம், சாப்பாடு, ஆம்புலன்ஸ் என்று நடைக்கே ஒரு பங்கு செலவாகிறது. அதற்கு உங்களால் முடிந்த தொகையை ஆராய்ச்சிக்கு நேராகக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடலாமே?

மார்ச் 9

என்னால் முடிந்த தொகை என்று ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டேன். நான் திரட்ட வேண்டியது அதைப்போல ஆறு மடங்கு. மீதி ஐந்து மடங்கு என் பையில் இல்லை, மற்றவர்கள் பையில் இருக்கிறது. சும்மா போய்க் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தர வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று நாள் நடக்கப் போகிறேன் என்றால் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வந்தது எலும்புப் புற்று, மார்பகம் இல்லை. ஆனாலும் இந்த வழியைக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1980-ல் ஒரு செயற்கைக் காலோடு கனடாவை ஓடிக் கடக்கக் கிளம்பினார். நாளுக்குச் சராசரியாக ஏறக்குறைய 38 கி.மீ., 143 நாள், மொத்தம் 5,373 கி.மீ. நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததால்தான் ஓட்டத்தைக் கைவிட்டார். நாட்டில் இருக்கிற ஆளுக்கு ஒரு டாலர், இதுதான் அவர் வைத்த இலக்கு. 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்தது, அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் வீட்டில் இருந்துகொண்டு தன் பங்கு ஒரு டாலரை அனுப்பியிருந்தால் ஒரு டாலர்தான் சேர்ந்திருக்கும்.

பல நாள் நடை என்கிற இந்த வடிவம் 1998-ல் அமெரிக்காவில் ஏவான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் பெயரில் ஆரம்பித்தது. இப்போது மார்பகப் புற்றுநோய்க்காக நிதி திரட்டும் கோமென் அமைப்பு நடத்துவதும் அதே 60 மைல், மூன்று நாள்தான். அந்த அமைப்பின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சூசன் கோமென் என்ற பெண் 1980-ல் 36 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். தங்கை நான்சி பிரிங்கர் அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காக 1982-ல் தொடங்கியது அது. நான் நடப்பதும் என் அக்காவுக்காகத்தான்.

(மே 5-ல் சேர்த்தது: இதற்குக் கீழே இருந்த இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன். காரணம் மே 5 குறிப்பில்.)

மார்ச் 10

நேற்று மேல்செலவு பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். வழிநெடுக மூன்று நாள் ஆயிரம் பேரைக் கவனிக்கச் செலவாகத்தான் செய்யும். எந்த நடைக்குப் பணம் கொடுக்கும் முன்பும் அவர்களுடைய வருடாந்திரக் கணக்கை வாங்கிப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு எவ்வளவு, நோயாளிகளுக்கு நேரடி உதவியாக எவ்வளவு, விழிப்புணர்வு என்ற தலைப்பில் எவ்வளவு என்று தனித்தனியாக இல்லாவிட்டால் கேளுங்கள். நான் கேட்டேன், பதில் வந்தது, பிறகுதான் பெயர் கொடுத்தேன்.

மார்ச் 30

பயிற்சி ஆரம்பித்தாயிற்று. மொத்தம் 28 வாரம் இருக்கிறது. இப்போதைக்கு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர்.

நடைதானே, தினமும் நடக்கிறோமே என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு நாள் 32 கி.மீ. நடந்துவிடலாம். மறுநாள் விடியற்காலையில் எழுந்து, வீங்கிய காலை அதே ஷூவுக்குள் நுழைத்து இன்னொரு 32 நடப்பதும், அதற்கு மறுநாள் மூன்றாவது முறை நடப்பதும்தான் விஷயம். அதனால் பயிற்சியையே சனி ஞாயிறு ஜோடியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை 15 என்றால் ஞாயிறு 12. சனிக்கிழமை மட்டும் 25 நடந்துவிட்டு ஞாயிறு படுத்துக்கொண்டால் அது பயிற்சியாகாது.

ஷூ அரை அளவு பெரியதாக வாங்குங்கள், அதுவும் சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து. இறக்கத்தில் நடக்கும்போது கட்டைவிரல் முன்னால் போய் இடித்தால் நகம் கறுத்து விழுந்துவிடும். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தோல் சீக்கிரம் உரியும்.

ஏப்ரல் 21

இன்று பணம் கேட்பதைப் பற்றி. 41 பேருக்குக் கடிதம் எழுதினேன். பொதுவாக ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பவில்லை, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதினேன், மூன்று வாரம் ஆயிற்று. 26 பேர் பதில் எழுதினார்கள். பணம் அனுப்பியவர்கள் 22 பேர்.

நான் எதிர்பார்க்காத விஷயம் வேறு. அந்த 26 பேரில் 11 பேர் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். ஒன்பது வருடமாக எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர், மின்தூக்கிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கதவைப் பார்த்துக்கொண்டே, "எங்க அம்மாவுக்கும் இதுதான்" என்றார். அவ்வளவுதான். கதவு திறந்தது, அவர் போய்விட்டார். அன்று சாயங்காலம் ஒரு தொகை வந்தது, நான் கேட்டதைவிட மூன்று மடங்கு. குறிப்பு எழுதும் இடத்தில் அம்மாவின் பெயர் மட்டும்.

இன்னொருவர் பணம் இல்லை, மன்னிக்கவும் என்று எழுதிவிட்டு, கீழே இரண்டு பக்கத்துக்குத் தன் மனைவிக்கு கீமோ நடந்த மாதங்களைப் பற்றி எழுதியிருந்தார். முடி கொட்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாயில் எதை வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னதும், உலோகக் கரண்டிகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு மரக்கரண்டி வாங்கியதும் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை என்று முடித்திருந்தார்.

மார்ச் 9-ல் பணக்கணக்கை மட்டும் வைத்துப் பதில் சொன்னேன். அது அரைப் பதில்தான். கேட்டதால் பணம் வந்தது, சரி. கேட்டதால் இவர்கள் பேசினார்கள், அதை நான் அப்போது கணக்கில் சேர்க்கவில்லை.

மே 5

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு பேர் நடைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவர்களும் கடிதம் எழுதுவார்கள், அதனால் சொல்லியே ஆக வேண்டும்.

நான் அனுப்பிய 41 கடிதத்திலும் என் அக்காவின் பெயர் இருந்தது. என்ன அறுவை சிகிச்சை, எந்தப் பக்கம், எத்தனை கீமோ, எல்லாம் எழுதியிருந்தேன். உருக்கமாக எழுதினால்தான் தருவார்கள் என்று நினைத்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, அதுதான் இப்போது என்னை உறுத்துகிறது.

ஒரு கடிதம் சுற்றிச் சுற்றி அவளிடமே போய்ச் சேர்ந்தது. தொலைபேசியில் அவள் கத்தவில்லை. "என் உடம்பைப் பத்தி நாப்பத்தோரு பேர்கிட்ட சொல்லியிருக்கே. எனக்கு அதுல ஆறு பேரைத்தான் தெரியும்டா" என்றாள். நான் நல்லதுக்குத்தானே என்று ஆரம்பித்தேன். "ஆஸ்பத்திரியில யார் வேணா வந்து துணியை விலக்கிப் பாத்துட்டுப் போனாங்க. அது முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்று ராத்திரி 41 பேருக்கும் திரும்ப எழுதினேன். முந்தைய கடிதத்தை அழித்துவிடுங்கள், அதில் இருந்தது நான் சொல்லக்கூடிய விஷயமில்லை என்று. இங்கே மார்ச் 9 குறிப்பிலும் அந்தப் பத்திகளை எடுத்துவிட்டேன். புதுக் கடிதத்தில் என்னைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது: நான் எத்தனை கி.மீ. நடக்கிறேன், எதற்குப் பணம் போகிறது, அக்கா ஒருத்திக்குத் தம்பியாக எனக்கு என்ன பயம். அதற்கும் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மே 6

ஒருவர் "அக்கா மன்னித்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவள்.

ஜூன் 17

ஒரு பெண் எழுதியிருந்தார்: வீட்டில் இந்த நோயின் பெயரைச் சொல்லும்போது "அந்த இடத்துல கட்டி" என்றுதான் சொல்வார்களாம், மருத்துவரிடமும் அப்படியே சொல்லி, அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாராம். சிரிக்கிற விஷயமில்லை இது. மார்பகம் என்று எழுதுகிறோம், பேசும்போது அந்தச் சொல் வாயில் வருவதில்லை. எனக்கும் முதல் பத்து கடிதம் வரை விரல் தயங்கியது.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் எந்த மருத்துவரும் சொல்கிற விஷயங்கள் இவை. மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிகுழியாக ஆவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ வருவது, ஒரு பக்கம் மட்டும் அளவோ வடிவமோ மாறுவது. வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை என்பதும் உண்மை, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பரிசோதனை, நாம் இல்லை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எந்த வயதில் ஆரம்பிப்பது என்று நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 2024-ல் வந்த பரிந்துரை 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருவது 100-ல் 5 முதல் 10 வரைதான், அதனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது காரணமாகாது. ஆண்களுக்கும் வரும், மொத்தத்தில் 100-க்கு ஒன்று அல்லது அதைவிடக் குறைவு. 2022-ல் மட்டும் உலகம் முழுக்க 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது, 6,70,000 பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகிவிடும், அதனால் பயப்படாமல் போய்ப் பாருங்கள். (இந்தக் கடைசி வரி சரியில்லை, திருத்தம் அக்டோபர் 16 குறிப்பில்.)

ஆகஸ்ட் 25

சனி 29 கி.மீ., ஞாயிறு 24 கி.மீ. முதல்முறையாக இரண்டு நாளும் நினைத்த தூரம்.

18-வது கிலோமீட்டரில் இடது குதிகாலின் உள்பக்கம் சூடு மாதிரி ஒரு உணர்ச்சி. அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு கி.மீ. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். கழற்றும்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம், மேல்தோல் வெள்ளையாக, உள்ளே தெளிந்த நீர், ஓரத்தில் காலுறையின் பின்னல் அச்சு அப்படியே பதிந்திருந்தது. சின்னதாக இருந்தால் உடைக்காமல் விட்டுவிடுவது நல்லது. நடக்க முடியாத அளவுக்கு அழுத்தினால், கையைக் கழுவி, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்துவிட்டு மேல்தோலை அப்படியே விட வேண்டும், பிய்க்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாங்களாகவே எதுவும் செய்ய வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிறையக் குடி என்று எல்லாரும் சொல்வார்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் ஆபத்தாகவும் முடியலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கும் மேல் ஆன பிறகு அக்கா அன்றைக்குத்தான் கூப்பிட்டாள். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். காட்டச் சொன்னாள், காட்டினேன். "பிளாஸ்திரியைக் கோணலா ஒட்டியிருக்கே, மடிப்பு விழுந்தா அதுவே உரசும்" என்றாள். எடுத்துவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்க நேராக ஒட்டினேன்.

அக்டோபர் 14

நடந்து முடித்துவிட்டேன். மூன்று நாளும் முழுத் தூரமும். படிக்கட்டில் இன்னும் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன்.

முதல் நாள் எல்லாரும் வேகமாகப் போய்விட்டோம். காலையில் கூட்டம், கைதட்டல், பேச்சு, கால் தானாகப் போகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், அங்கே தண்ணீர், உப்புப் பண்டம், கழிப்பறை, கால் பார்க்க செவிலியர். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வண்டிகள் பின்னாலேயே வரும். வண்டியில் ஏறிய ஒருவர் அழுதுகொண்டே இருந்தார். ஓட்டியவர் அவரிடம், "நானும் போன தடவை ஏறினேன், அதான் இந்த தடவை ஓட்டுறேன்" என்றார்.

இரண்டாம் நாளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கூடாரத்தில் இரண்டு பேருக்கு ஓர் இடம். விடியும்முன்பே சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஜிப் திறக்கும் சத்தம், டேப் கிழிக்கும் சத்தம், யாரும் பேசுவதில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் யாரும் தங்கள் குழுவோடு இல்லை, யார் வேகம் யாருக்கு ஒத்துப்போகிறதோ அவரோடுதான் நடக்கிறோம். நான் ஒரு பெண்ணோடு சேர்ந்துகொண்டேன், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஏறக்குறைய ஏழு மணி நேரம் கூடவே நடந்தோம். பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் சாலையைத்தான் பார்க்கிறோம். அதனால்தானோ என்னவோ, உட்கார்ந்து பேசினால் வராத பேச்சு வருகிறது. மூன்றாவது மணி நேரத்தில், என் சட்டையில் ஒட்டியிருந்த வாசகத்தைக் காட்டி, "தம்பி, அதை மாத்துங்க" என்றார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் காப்பாற்றலாம் என்று அதில் இருந்தது. அவர் சொன்னதைத் தனியாக எழுதுகிறேன், அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன், இந்த முறை முதலிலேயே.

மூன்றாம் நாள் வலி பழகிவிட்டது. கடைசியில் ஒரு மைதானத்தில் எல்லாரும் நின்றோம். நோயைக் கடந்தவர்களும் இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களும் கடைசியாக உள்ளே வந்தார்கள். அப்போது நடந்தவர்கள் எல்லாரும் ஒரு காலில் இருந்து ஷூவைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். ஆயிரம் அழுக்கு ஷூ. பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. என்னோடு நடந்தவர் அந்தக் கூட்டத்தில் வந்தார், தேடி என்னைப் பார்த்தார், தலையை மட்டும் அசைத்தார்.

அக்டோபர் 16

அவர் சொன்னது. அவருக்கு முதல் நிலையிலேயே கண்டுபிடித்தார்கள். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அறுவை, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு), ஐந்து வருடம் மாத்திரை, எதையும் அவர் விட்டதில்லை. பதினொன்றாம் வருடம் இடுப்பு வலி என்று போனார், எலும்புக்குப் பரவியிருந்தது. இப்போது நான்காம் நிலை. சில வகை மார்பகப் புற்று பத்து, பதினைந்து வருடம் கழித்தும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று திரும்ப வரலாம். பரவிய பிறகு இன்றைக்கு முழுக்கக் குணமாக்கும் மருந்து இல்லை, கட்டுப்படுத்தி வாழ வைக்கும் மருந்துகள் உண்டு.

"சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்தலாம்னு எழுதிப் போட்டா, என்னைப் பாக்கறவங்க நான் லேட்டாப் போயிட்டேன்னு நினைக்கிறாங்க. நான் லேட்டாப் போகலை" என்றார்.

ஜூன் 17 குறிப்பின் கடைசி வரியை நான் எவ்வளவு உறுதியாக எழுதினேன் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது இப்படி இருக்க வேண்டும்: ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் அதிகம், சிகிச்சையும் பெரும்பாலும் லேசாக இருக்கும், அதனால் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் அது உத்தரவாதம் இல்லை, திரும்ப வந்தால் அது யாருடைய அலட்சியமும் இல்லை. மேமோகிராம் அவருக்கு உதவவில்லை என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பதினொரு வருடமும் அவருக்குக் கிடைத்ததுதானே.

அவர் எதற்கு நடக்கிறார் என்று கேட்டேன். "எனக்கு அடுத்த மருந்து வேணும்" என்றார். இப்போதைய மருந்து கேட்காமல் போனால் அடுத்தது, அதற்கடுத்தது. தாமோக்ஸிஃபென் என்ற மருந்து 1960-களில் கருத்தடை மாத்திரைக்கான தேடலில் கிடைத்தது, அந்த வேலைக்கு உதவவில்லை, 1977-ல் அமெரிக்காவில் பரவிய மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றது. ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகைக்கான டிரஸ்டுஸுமாப் என்ற மருந்து 1998-ல் வந்தது. அதற்கு முன்பு அந்த வகை வந்தவர்களுக்கு மருத்துவர்கள் சொல்ல அதிகம் இருந்ததில்லை. அடுத்த மருந்து என்பது அவருக்கு இப்படி ஒரு வருடக்கணக்கு.

அக்டோபர் 17

அந்த வாசகத்தைச் சட்டையில் இருந்து எடுத்துவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இரண்டாம் நாளே, அடுத்த நிறுத்தத்தில் டேப் ஒட்டி மறைத்தேன். கால் டேப்தான் இருந்தது.

நவம்பர் 3

கணக்கு. என் இலக்கைவிட 14 சதவீதம் அதிகமாகச் சேர்ந்தது. கொடுத்தவர்கள் மொத்தம் 63 பேர்.

முதல் கேள்வி கேட்ட நண்பரும் பணம் அனுப்பியிருக்கிறார், நன்றி. இன்னும் தன் சந்தேகம் தீரவில்லை என்றும் எழுதியிருக்கிறார், ஆராய்ச்சிக்கு நேராகக் கொடுத்தால் முழுத் தொகையும் போய்ச் சேருமே என்று. சேரும். அப்படிக் கொடுக்க மனசு உள்ளவர்கள் அப்படியே கொடுங்கள், யாரும் நடக்க வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை, இந்த எட்டு மாதத்தில் எனக்குத் தெரிந்து நான்கு பெண்கள் தள்ளிப்போட்டிருந்த பரிசோதனைக்குப் போய்வந்தார்கள். மின்தூக்கியில் பேசியவர் இப்போது மதியம் என்னோடு ஒரு சுற்று நடக்க வருகிறார், அம்மாவைப் பற்றி அவ்வப்போது சொல்கிறார். இதெல்லாம் வங்கிப் பரிமாற்றத்தில் நடந்திருக்காது.

நவம்பர் 22

அக்கா கேட்டாள், ஒரு நாள் மட்டும் நடக்க விடுவார்களா என்று. சில நடைகளில் விடுகிறார்கள். அவளுக்கு அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அறுவையில் எடுத்திருக்கிறார்கள், வெயிலில் நெடுநேரம் கையைத் தொங்கவிட்டு நடந்தால் கை வீங்கலாம், அதனால் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஸ்லீவ் போட்டுக்கொண்டு நடக்க வேண்டுமா என்று முதலில் அவளுடைய மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டாள். போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக தூரத்தைக் கூட்டலாம் என்றாராம்.

இதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "ஸ்லீவ் வரைக்கும் எழுது. அதுக்கு மேல வேண்டாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறோம். ஷூ அரை அளவு பெரியதாக வாங்கியாயிற்று.